பேச்சில் எஞ்சி நிற்பது

என் கைப்பேசியில் 43 நிமிடம் ஓடும் ஒலிப்பதிவு ஒன்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தில், முதலீட்டுத் திட்டம் ஒன்றுக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சு அது. அதைக் கேட்ட மறுவாரமே என் அப்பா, தக்காளி விற்று மிச்சம் பிடித்ததையும் இரண்டு கறவை மாடுகளை விற்றதையும் சேர்த்து 1,80,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டினார். அதில் ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. அப்பாவை வண்டியில் அழைத்துச் சென்ற தம்பி பொழுது போகாமல் பதிவு செய்ததால், பேச்சு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

முதலில் சில முறை கோபத்தோடுதான் கேட்டேன். பிறகு ஒரு நாள் அப்பா சொன்ன சொல் என்னை வேறு விதமாகக் கேட்க வைத்தது. “அவன் பேசுனதுல ஒரு பொய்கூட இல்ல கண்ணு, நீயே கேட்டுப் பாரு” என்றார். பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் நான். ஒரு பாட்டுக்கு உரை காண்பதைப் போல இதையும் கண்டால் என்ன என்று தோன்றியது. முழுப் பேச்சையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வாக்கியங்களுக்கு எண் இட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்பா சொன்னது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. தக்காளி விலை விழும்போது பறிகூலிகூடக் கட்டாமல் விவசாயி சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறான் என்பது உண்மை. விளைவித்தவனைவிட இடையில் நிற்பவன் அதிகம் சம்பாதிக்கிறான் என்பதும் எங்கள் சந்தைக்கு வந்தவர்கள் அறிந்ததுதான். வாக்கியங்கள் இப்படி உண்மையாக இருக்க, ஏமாற்று எங்கே குடியிருந்தது என்ற கேள்வியோடுதான் பழைய நூல்களிடம் போனேன்.

பேச்சுக்கலையைப் பற்றி ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் எழுதிய அரிஸ்டாட்டில், ஒருவரை இணங்க வைக்கும் வழிகள் மூன்று என்கிறார்: பேசுபவர் மேல் உண்டாகும் நம்பிக்கை, கேட்பவர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்ற இந்த மூன்று பெயர்களும் இன்று மேலாண்மை வகுப்புகள் வரைக்கும் பரவிவிட்டன. ஆனால் அதே நூலில் இணங்க வைத்தலின் உடம்பு என்றே அவர் அழைக்கும் ஒன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அதன் பெயர் என்திமீமா. உள்ளம் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு வாதத்துக்கு வேண்டிய படிகள் எல்லாவற்றையும் பேச்சாளர் சொல்லாமல், கேட்பவர் தாமே அறிந்திருக்கும் படியை அவருடைய உள்ளத்திலேயே விட்டுவிடுவதுதான் அது. “அவர் நம்ம சொந்தக்காரர், ஏமாத்த மாட்டார்” என்று ஒருவர் சொல்லும்போது, சொந்தக்காரர்கள் ஏமாற்றுவதில்லை என்ற படி சொல்லப்படவே இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர் நாலு பேரை எதிர்க்காட்டாகச் சொல்லிவிடுவார். சொல்லாமல் விட்டால் அவரே அதை நிரப்பிக்கொள்வார். தாம் நிரப்பியதைத் தாமே சந்தேகிப்பது யாருக்கும் எளிதன்று.

இதற்குத் தமிழில் பெயர் தேடி நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. எச்சம் என்ற சொல்லைத் தொல்காப்பியம் ஆளும் இடங்களுள் இரண்டு எனக்கு முக்கியமாகப் பட்டன. எச்சவியலில் பத்து எச்சங்களை எண்ணும்போது சொல், குறிப்பு, இசை என்று கடைசி மூன்றையும் முடிக்கிறது. செய்யுளியலிலோ செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாகவே எச்சத்தை வைத்து, “சொல்லொடும் குறிப்பொடும் முடிவுகொள் இயற்கை புல்லிய கிளவி எச்சம் ஆகும்” என்கிறது. சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் முடிவு பெறும்படி எஞ்சி நிற்கும் கூற்று என்பது பொருள். முடித்து வைப்பவர் கேட்பவர். பெயரெச்சம், வினையெச்சம் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வைத்து நாம் குறுக்கிவிட்ட ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய கருத்து இருப்பதை, வகுப்பில் 14 ஆண்டுகள் நின்ற பிறகுதான் நான் உணர்ந்தேன்.

எச்சத்தைக் கையாளும் ஆற்றலுக்கு எங்கள் ஊரை விடப் பொருத்தமான சான்று கிடையாது. தகடூர் என்பது தர்மபுரியின் பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். போர் மூளாமல் இருக்க, அவனுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்றும், அப்போது அவர் பாடியதே புறநானூற்றின் 95-ஆம் பாட்டு என்றும் அதன் பழங்குறிப்பு சொல்கிறது. ஒன்பதே அடிகள்.

“இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டிக் கண்திரள் நோன்காழ் திருத்தி நெய்யணிந்து கடியுடை வியன்நகரவ்வே” என்று தொடங்குகிறார். இவையோ மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, திரண்ட வலிய காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த அகன்ற மாளிகையில் இருக்கின்றன. காட்டியவன் காதுக்கு இது பாராட்டாகத்தான் விழுந்திருக்கும். ஒவ்வொரு சொல்லும் அவன் கண்முன் இருப்பதையே சொல்கிறது. அடுத்து “அவ்வே” என்று தொலைவைச் சுட்டுகிறார். அவையோ பகைவரைக் குத்தியதால் பக்கமும் நுனியும் சிதைந்து, “கொல்துறைக் குற்றில” ஆக இருக்கின்றன; கொல்லனுடைய உலைக்களமாகிய சிறு குடிலில் கிடக்கின்றன. வியன்நகர் ஒரு பக்கம், குற்றில் மறுபக்கம். எவை என்ற சொல் இன்னும் வரவில்லை. இடையில் அதியமானின் இயல்பைச் சொல்கிறார்: உணவு இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதைக் கூட இருந்து உண்பான், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன். எல்லாம் முடிந்து, பாட்டின் கடைசிச் சொல்லாக “வைந்நுதி வேலே” என்று வேல் வந்து நிற்கிறது.

இதில் “உன் படை போருக்குப் போனதில்லை” என்ற வாக்கியம் எங்கும் இல்லை. “போரிட்டால் தோற்பாய்” என்பதும் இல்லை. அவற்றைச் சொல்லியிருந்தால் அது அரசனை அவனுடைய அரண்மனையிலேயே இழித்த பேச்சாகி, தூதே முறிந்திருக்கும். பகையைக் குத்திய வேல்தான் உலைக்களத்துக்குப் போகும் என்ற படியை ஔவை தொண்டைமானிடமே விட்டுவிடுகிறார். அவன் தன் சுவரில் பளபளக்கும் ஆயுதங்களைப் பார்த்துத் தானே அந்தப் படியை ஏறியாக வேண்டும். பாட்டின் நடுவில் வரும் சோற்றுச் செய்தியைப் பலர் வெறும் கொடைப் புகழ்ச்சியாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் பாட்டிலேயே கூர்மையான இடமாகப் படுகிறது. வறியவனோடு ஒரே சோற்றைப் பகிர்ந்து உண்ணும் தலைவனுக்காக அவன் ஆட்கள் எதுவரை போவார்கள் என்ற கணக்கும் தொண்டைமானிடமே விடப்படுகிறது. உரைமரபு இந்தப் பாட்டைத் தலைவனின் புகழைப் பாடும் பாடாண் திணையில் வைத்தது. அரிஸ்டாட்டிலின் பாகுபாட்டில் இது புகழ்ச்சிப் பேச்சு. புகழ்ச்சியின் உடுப்பில் போர்வேண்டாம் என்ற அரசவைப் பேச்சு நிற்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

மீண்டும் ஒலிப்பதிவுக்கு வருகிறேன்.

நாலாவது நிமிடத்தில் அந்த மனிதர் சிரிக்கிறார். “இந்தப் பல்லப் பாத்த பொறவுமா நான் எந்த ஊருன்னு கேக்கறீங்க?” என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்துவிடும், தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தக் கேட்டைத் தணிப்பதற்காக வந்ததுதான். குழுப் புகைப்படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும் மாணவிகளை நான் இன்றும் பார்க்கிறேன். அப்படி மறைத்து வைத்த ஒன்றை ஒருவர் மேடையில் நின்று திறந்து காட்டும்போது, அவையில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் வெட்கத்திலிருந்து ஒரு கணம் விடுபட்டார்கள். அதை இப்போது கேட்டாலும் எனக்கு நெஞ்சு இளகுகிறது. அவ்வளவு வலிமையான இடம் அது.

பேசுபவர் மேல் நம்பிக்கை பிறக்க மூன்று வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில்: விவரம் அறிந்த தெளிவு, நற்குணம், கேட்பவர் மேல் நல்லெண்ணம். அந்தப் பல் எங்கள் தண்ணீரை அவர் குடித்து வளர்ந்தார் என்பதற்குச் சான்று. பணத்தைப் பற்றிய தெளிவுக்கோ நாணயத்துக்கோ அது சான்றாகாது. “ஒரே தண்ணீரைக் குடித்தவன் நம்மைக் கெடுக்க மாட்டான்” என்ற வாக்கியம் 43 நிமிடத்தில் எங்கும் ஒலிக்கவில்லை. அதை மண்டபம் தானே எழுதிக்கொண்டது.

ஒன்பதாம் நிமிடத்தில் அவருடைய அம்மா வருகிறார். இரண்டு குடம் நல்ல தண்ணீருக்காக வெகுதூரம் நடந்த அம்மா, மருத்துவத்துக்குப் பணம் இல்லாமல் இறந்த அம்மா. பிறகு ஏழு நொடி மௌனம். பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த மௌனத்துக்கு முன்பு வரை அவர் தம் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் “நாங்க” என்கிறார். மௌனத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட “நாங்க” இல்லை, எல்லாம் “நாம”. கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் இந்தப் பன்மையை இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. நாங்கள், நாம் என்று இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கும் மொழி நம்முடையது. எந்த நிமிடத்தில் ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறார் என்று கவனித்தாலே பேச்சின் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உணர்ச்சிகளுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைக் கையில் வைத்துக்கொண்டேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டும், ஒவ்வொன்றும் பிறக்கும் நாலு நிலைக்களன்களும் அங்கே உள்ளன. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கிலிருந்து. அம்மாவின் கதையில் இழவும் வறுமையும் சேர்ந்தே இருந்தன. அழுகைக்குப் பின் இடைத்தரகர்கள் மேல் வெகுளி, அதன்பின் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய அச்சம், கடைசியில் செல்வத்தால் வரும் உவகை என்று பேச்சு நகர்ந்தது. அரிஸ்டாட்டில் ஒவ்வோர் உணர்ச்சியையும் மூன்று கேள்விகளால் பிரிக்கச் சொல்கிறார்: எந்த மனநிலையில் இருப்பவருக்கு, யார் மேல், எதன் பொருட்டு அது எழுகிறது? வெகுளிப் பகுதியில் “யார் மேல்” என்று தேடினேன். “அவங்க” என்ற ஒரு சொல்தான் கிடைத்தது. பெயரில்லாத அவர்கள் மேல் கோபத்தை ஏற்றிவிட்டால், அந்தக் கோபம் போய் நிற்க இடமில்லாமல் பேசுபவர் காட்டும் பக்கம் திரும்பிவிடுகிறது.

பணத்தைப் பற்றிய பேச்சு 26-ஆம் நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அங்கே அவர் கூறிய காரணம் ஒரு புளியமரம். “தாத்தா நட்ட புளியில பேரன் காய் உலுக்கறான், காத்திருக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் மரம்.” புளி விளையும் மண்ணில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைச் சொல்ல முடியாது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் உறுப்புகளைக் கற்பிக்கும் இடத்தை இங்கே நினைத்துக்கொண்டேன். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைத்தாதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைக் கண்ணால் கண்டவர்களுக்கே அந்த எடுத்துக்காட்டு செல்லும். பொருந்துவது போலத் தோன்றிப் பொருந்தாமல் போவதற்குத் திட்டாந்தப் போலி என்றும் அதே காதை பெயர் வைத்திருக்கிறது. புளியங்கன்று நம் நிலத்தில் நிற்கிறது. வாடினால் தெரியும், தண்ணீர் ஊற்றலாம், ஆடு கடித்தால் விரட்டலாம். கொடுத்த பணம் எந்த நிலத்தில் நிற்கிறது என்பது அந்தத் திட்டத்தில் யாருக்கும் காட்டப்படவில்லை. காத்திருத்தல் ஒன்றுதான் இரண்டுக்கும் பொது.

வினைமுற்றுகளை எண்ணியபோது கிடைத்தது இன்னொன்று. கடந்தகாலத்தைப் பேசும்போது அவர் வாக்கியங்களில் எழுவாயாக ஓர் ஆள் தவறாமல் இருந்தார்: அம்மா நடந்தார், நான் படித்தேன், வியாபாரி குறைத்தான். எதிர்காலத்துக்கு வந்ததும் பணம் “வளரும்”, வீடு தேடி “வந்து சேரும்”, கடன் “அடைஞ்சிடும்”. பணமும் கடனும் தாமே செயல்படுகின்றன. செய்விக்கும் ஆள் ஒருவரும் இல்லை. “நாங்கள் தருவோம்” என்ற இரண்டு சொல் பேச்சு முழுவதிலும் கிடையாது. அப்பா சொன்ன “ஒரு பொய்கூட இல்ல” என்பதன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது. தராதவர் தருவேன் என்று சொல்லவே இல்லை.

எஞ்சி நின்றவற்றைச் சிவப்பு மையில் தனியாக எழுதினேன். நம் பல்லைப் போன்ற பல் உடையவன் நமக்குத் தீங்கு செய்யான். அம்மாவுக்காக அழுபவன் பணத்தில் பிசக மாட்டான். பொறுமையாக இருந்தால் போதும், எங்கே போட்டோம் என்று பார்க்க வேண்டியதில்லை. யாராவது கொடுப்பார்கள். இந்த நான்கையும் அந்த மேடையில் ஒருவர் உரக்கப் படித்திருந்தால், கூட்டம் எழுந்து போயிருக்கும். ஔவையின் எச்சத்தையும் கீழே எழுதிப் பார்த்தேன்: அவன் வேல் போரில் தேய்ந்தது, உன் வேல் தேயவில்லை, அவனோடு உண்டவர்கள் அவனோடு நிற்பார்கள். இதைத் தொண்டைமானிடம் நேரே சொன்னால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். மறுக்க அவனிடம் ஒன்றும் இருந்திருக்காது. கருவி இருவருக்கும் ஒன்றே. எஞ்சியதை வெளிச்சத்தில் வைத்தபின் அது நிற்கிறதா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

எச்சத்தை எதிரியையே நிரப்ப வைப்பது இன்னும் அரிய திறன். பாண்டியன் அவையில் கண்ணகி “என் காற்பொற் சிலம்பு மணியுடை அரியே” என்று, தன் சிலம்பின் உள்ளே இருக்கும் அரி, அதாவது பரல், மணி என்று தன் பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறாள். “யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே” என்று எஞ்சிய பாதியை அரசன் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். சிலம்பு உடையும் முன்பே வழக்கு அங்கே முடிந்துவிட்டது. இனி மணி தெறிப்பதைப் பார்க்க வேண்டியதுதான்.

மாணவர்களைப் பாப்பாரப்பட்டிக்குச் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்கு அழைத்துப்போகும்போதும் இதையே பேசுகிறேன். 1908-இல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அவர் பேசிய பேச்சுகளுக்காக 10 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அவர் மேல் பாய்ந்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, அரசாங்கத்தின் மேல் வெறுப்பையும் அவமதிப்பையும் பற்றின்மையையும் மூட்டுவதைக் குற்றமாக்கியது. சொன்னது உண்மையா என்று கேட்கவில்லை, கேட்டவர் நெஞ்சில் எது எழும் என்று கேட்டது. பேச்சின் பாதி கேட்பவரிடம் இருக்கிறது என்பதை அந்நிய அரசும் அறிந்திருந்தது. தொழுநோயோடு சிறையிலிருந்து வெளிவந்து, 1925-இல் எங்கள் மாவட்டத்து மண்ணில் உயிர்விட்ட அந்த மனிதரின் பேச்சை எப்படிப் பேச வேண்டும் என்று பேச்சுப்போட்டிக்கு நாம் பயிற்சி கொடுக்கிறோம். கையை எங்கே உயர்த்துவது, குரலை எங்கே ஏற்றுவது என்றெல்லாம் சொல்லித் தருகிறோம். மேடைக்கு ஒருவர் போகும்போது கீழே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிக் கேட்பது என்று ஒரு வகுப்பும் இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் குறை.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் நோட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தவர், பதிவைப் போடச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. புளியமரம் வரும் இடத்தில்தான் அவர் மனம் விழுந்திருக்கும் என்று நான் குறித்து வைத்திருந்தேன். அவர் மரம் வளர்ப்பவர். நாலாம் நிமிடத்தில் மண்டபம் சிரித்தபோதே கையை நீட்டி, “நிறுத்து” என்றார்.

“இந்த எடத்துலயே மாட்ட வித்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன் கண்ணு. பொறவு அவன் என்ன பேசுனான்னு சரியா கேக்கவே இல்ல.”

நோட்டில் 26-ஆம் நிமிடத்துக்கு நேரே நான் போட்டிருந்த குறியை அடித்துவிட்டு, 4 என்று எழுதினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றாமல் ஔவை பாட்டு இருந்த பக்கத்தைப் புரட்டி, “இத ஒரு தடவ படி” என்றார். படித்து முடித்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வேலுன்னு கடைசிலதான் சொல்றாளா அந்தம்மா?” என்று கேட்டார்.